புளூபெர்ரி பாக்கெட்டும் பெக்கரெல் கணக்கும்

போன இலையுதிர் காலத்தில் அம்மா மூன்று மாத விசாவில் எங்களோடு இருந்தார். ஊர் ராதாபுரம் பக்கம். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் இரண்டு வெள்ளைக் குமிழ்களும் மழை ஓய்ந்த நாளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்தே தெரியும். இங்கே கோபன்ஹேகனில் அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு சூப்பர் மார்க்கெட். எதையும் வாங்க மாட்டார். ஒவ்வொன்றையும் எடுத்து, "இது என்ன எய்யா, எங்க இருந்து வருது?" என்று கேட்டுவிட்டு, குரோனரை ரூபாயாக மாற்றிப் பார்த்துத் திகைத்துத் திருப்பி வைப்பார்.

அப்படி ஒரு நாள் அவர் கையில் எடுத்தது உறைந்த காட்டுப் புளூபெர்ரி பாக்கெட். என் மகளுக்குக் காலையில் ஓட்ஸ் கஞ்சியில் போட்டுக் கொடுப்பது அதைத்தான். பின்பக்கத்தைப் படித்து, "உக்ரைன்ல இருந்து வருதும்மா" என்றேன்.

"செர்னோபில் அங்கதான இருக்கு?"

பத்தாம் வகுப்பைத் தாண்டாத என் அம்மா, டேனிஷ் சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பெட்டி முன்னால் நின்று கேட்ட கேள்வி இது. 2011, 2012-இல் இடிந்தகரைப் போராட்டம் நடந்தபோது எங்கள் பக்கத்து ஊர்களில் செர்னோபில், ஃபுகுஷிமா என்ற பெயர்கள் திசையன்விளை, வள்ளியூர் மாதிரி புழங்கின. போராட்டத்தை ஆதரித்தவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் அந்தப் பெயர்கள் தெரியும். எனக்கோ, பொறியியல் படித்து, ஐ.டி. வேலைக்கு வந்து, ஆறு வருடமாக அதே பாக்கெட்டை வாங்கிக்கொண்டிருந்தும் அது தோன்றவே இல்லை.

"அதெல்லாம் செக் பண்ணித்தாம்மா விடுவாங்க" என்று சொல்லிவிட்டேன். யார் செக் பண்ணுகிறார்கள், எந்த எண்ணை வைத்து என்று எனக்கே தெரியாது. அன்று ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன்.

முதலில் நல்ல செய்தி. உண்மையாகவே செக் பண்ணுகிறார்கள். செர்னோபில் வெடித்தது 1986 ஏப்ரல் 26-இல். ஆனால் அதற்காகப் போட்ட உணவு இறக்குமதிக் கட்டுப்பாடு இன்னும் ஐரோப்பிய ஒன்றியத்தில் உயிரோடு இருக்கிறது. 2020-இல் புதுப்பித்த விதிப்படி, உக்ரைன், பெலாரஸ், ரஷ்யா உள்ளிட்ட சில நாடுகளில் இருந்து வரும் காட்டுக் காளான்களும் காட்டுப் பெர்ரிகளும் அளவிடப்பட்டு, சான்றிதழோடுதான் உள்ளே வர வேண்டும். சீசியம்-137 கிலோவுக்கு 600 பெக்கரெலைத் தாண்டக் கூடாது. பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 370.

பெக்கரெல் என்பது ஒரு வினாடியில் ஓர் அணு உடைவது. அவ்வளவுதான். 600 பெக்கரெல் என்றால் ஒரு கிலோ பழத்தில் வினாடிக்கு 600 அணுக்கள் உடைகின்றன. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் நம் உடம்பிலேயே, இயற்கையாக இருக்கும் பொட்டாசியம்-40 மட்டும் வினாடிக்கு 4,000-க்கு மேல் உடைந்துகொண்டிருக்கிறது. ஒரு வாழைப்பழத்தில் 15 பெக்கரெல் வரை இருக்கும். எங்கள் ஊருக்கு மேற்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம். அந்த மணலில்தான் எங்கள் உறவுக்காரப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். எனவே "கதிர்வீச்சு இருக்கிறதா?" என்று கேட்பதில் அர்த்தம் இல்லை. எவ்வளவு, எந்த வகை, எத்தனை நாள் சாப்பிடுகிறோம் என்று கேட்க வேண்டும்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். 600 பெக்கரெல் உள்ள பழத்தை முழுசாக ஒரு கிலோ ஒரு பெரியவர் சாப்பிட்டால் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 8 மைக்ரோசீவர்ட். அம்மா சென்னையில் இருந்து கோபன்ஹேகன் வரை விமானத்தில் பறந்து வந்ததில் அதைவிடக் கூடுதலாகவே வாங்கியிருப்பார். மகளின் கஞ்சியில் விழுவது ஒரு கைப்பிடி. அதனால் பாக்கெட்டைக் குப்பையில் போடவில்லை.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த 370-உம் 600-உம் உறுத்திக்கொண்டே இருந்தன. வேலையில் நான் தினமும் பார்ப்பது சர்வர் கண்காணிப்பு. எந்த எண்ணைத் தாண்டினால் அலாரம் அடிக்க வேண்டும் என்று முடிவு பண்ணுவதுதான் என் பிழைப்பு. அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று எனக்குத் தெரியும். பாதி அனுபவம், பாதி மீட்டிங்கில் யார் சத்தமாகப் பேசினார்கள் என்பது. அதனால்தான் சந்தேகம்.

370 என்ற எண் விசித்திரமாக, ரொம்பத் துல்லியமாக இருக்கிறதே என்று பார்த்தால், பழைய அலகான கியூரியில் அது சரியாக 10 நானோகியூரி. அதாவது யாரோ ஒருவர் பத்து என்ற வட்டமான எண்ணைப் பிடித்திருக்கிறார். அலகு மாறியபோது அது 370 ஆகி, அறிவியல் வேடம் போட்டுக்கொண்டது.

1986 மே மாதம் ஐரோப்பாவில் நடந்ததைப் படித்தால் இன்றைக்கும் சிரிப்பும் எரிச்சலும் வருகிறது. மேற்கு ஜெர்மனியில் மத்திய அரசு பாலில் அயோடின்-131-க்கு லிட்டருக்கு 500 பெக்கரெல் என்றது. அதே நாட்டில் ஹெஸ்ஸே மாநிலம் 20 என்றது. மாநில எல்லையைத் தாண்டினால் பால் விஷமாகும் அல்லது அமிர்தமாகும். நாடுகள் ஒன்றையொன்று குற்றம் சொல்லிக்கொண்டன. மே 12-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் சோவியத் யூனியன், போலந்து, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, ருமேனியா, பல்கேரியா, யூகோஸ்லாவியா ஆகிய நாடுகளின் சில விவசாயப் பொருட்களை மாதக் கடைசி வரைக்கும் நிறுத்தியது. கிழக்கு ஜெர்மனி பட்டியலில் இல்லை. அதற்கும் மேற்கு ஜெர்மனிக்கும் இருந்த தனி வியாபார உறவுதான் காரணம் என்று அப்போதே பேசப்பட்டது. மே 30-இல் நாட்டை வைத்துத் தடுப்பதை விட்டு, அளவை வைத்துத் தடுக்கும் விதி வந்தது. அன்று வந்தவைதான் 370-உம் 600-உம்.

டென்மார்க் 1973-இலேயே அந்தச் சமூகத்தில் சேர்ந்துவிட்டதால் அதே விதி இங்கேயும். இந்த நாட்டில் அணுமின் நிலையம் கிடையாது. 1985 மார்ச் 29-இல், செர்னோபிலுக்கு ஒரு வருடம் முன்பே, அணுமின்சாரம் வேண்டாம் என்று நாடாளுமன்றம் முடிவெடுத்தது. ஆனால் வேண்டாம் என்ற பிறகும் கோபன்ஹேகனில் இருந்து 20 கிலோமீட்டரில், கடலுக்கு அந்தப் பக்கம் சுவீடனின் பார்செபெக் அணு உலை நின்றது. ஓரெசுண்ட் கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரியும். 1999-இல் ஒன்றும் 2005-இல் இன்னொன்றுமாக அதன் இரு உலைகளும் மூடப்பட்டன. "அணுசக்தியா? வேண்டாம், நன்றி" என்று சிரிக்கும் சூரியன் படம் போட்ட மஞ்சள் பேட்ஜ் உலகம் முழுக்கப் பரவியதே, அது 1975-இல் ஆர்ஹூஸில் பிறந்தது. அதே டென்மார்க்கில் 2025 மே மாதம், சிறிய புது வகை உலைகளைப் பற்றி ஆய்வு செய்யலாம் என்று அரசு பேச ஆரம்பித்திருக்கிறது. அது வேறு கதை.

எனக்கு வியப்பாக இருந்தது ரோஸ்கில்டேக்கு வடக்கே உள்ள ரீசோ ஆராய்ச்சி நிலையம். 1950-களின் கடைசியில் இருந்தே அவர்கள் டென்மார்க்கின் பாலையும் தானியத்தையும் உணவையும் மழைநீரையும் அளந்து, வருடா வருடம் அறிக்கை போட்டு வந்தார்கள். அப்போது காரணம் அணுகுண்டுச் சோதனைகள். வானத்தில் வெடித்ததெல்லாம் மழையாக இறங்கி, புல்லாகி, பாலாகி வந்துகொண்டிருந்தது. 1968 ஜனவரியில் கிரீன்லாந்தின் தூலேயில் நான்கு ஹைட்ரஜன் குண்டுகளோடு அமெரிக்க பி-52 விமானம் பனிமேல் விழுந்து நொறுங்கிப் புளூட்டோனியம் சிதறியதே, அப்போதும் ரீசோ ஆட்கள்தான் அந்தக் கடலின் சிப்பிகளையும் மீன்களையும் கடல்நாய்களையும் எடுத்து அளந்தார்கள். பிறகும் பல வருடங்கள் திரும்பத் திரும்பப் போனார்கள்.

அதனால் 1986 ஏப்ரலில் மேகம் வந்தபோது, "நேற்று எவ்வளவு இருந்தது" என்று சொல்லக்கூடிய நாடாக டென்மார்க் இருந்தது. முந்தைய நாள் அளவு தெரியாவிட்டால் இன்றைய அளவு வெறும் எண். என் தொழிலில் இது பாலபாடம்.

டென்மார்க்குக்கு அன்று அதிர்ஷ்டமும் இருந்தது. இங்கே விழுந்தது குறைவு. சுவீடனின் யெவ்லெ பகுதியில் மேகம் கடக்கும் நேரத்தில் மழை கொட்டியது. அங்கே மண்ணில் இறங்கிய சீசியம் காளானிலும் காட்டுப் பன்றியிலும் இன்றைக்கும் தெரிகிறது. சீசியம்-137 பாதியாகக் குறைய 30 வருடம். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும், அதனால் அது முதல் சில வாரங்களின் பிரச்சினை. வயலில் உழுது புரட்டினால் சீசியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு பயிருக்குள் ஏறாது. காட்டு மண் அப்படி இல்லை. இலைச் சருகில் இருந்து காளானுக்கு, காளானில் இருந்து சருகுக்கு என்று மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பண்ணைப் பழத்துக்கு இல்லாத சான்றிதழ் காட்டுப் பழத்துக்கு ஏன் என்பதற்கு இதுதான் விடை. பிரிட்டனின் வேல்ஸ் மலைகளில் ஆடு விற்கும் கட்டுப்பாடு 2012 வரைக்கும், 26 வருடம் நீடித்தது.

சுவீடன், நார்வேயின் வடக்கில் வாழும் சாமி மக்களின் கதைதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அவர்கள் வாழ்வே ரெயின்டீர் மான். மான் தின்பது பாசி. பாசி, வானத்தில் இருந்து விழுவதையெல்லாம் பஞ்சு மாதிரி உறிஞ்சும். 1986-இல் அறுத்த மான்களில் பெரும்பகுதி இறைச்சி வரம்பைத் தாண்டியதால் வீணாகப் போனது. நார்வே என்ன செய்தது தெரியுமா? அந்த நவம்பரில் மான் இறைச்சிக்கான வரம்பை 600-இல் இருந்து 6,000 ஆக்கியது. சுவீடன் அடுத்த வருடம் மான், காட்டு விலங்கு, ஏரி மீன், காளான், பெர்ரிக்கு மட்டும் 300-ஐ 1,500 ஆக்கியது.

முதலில் படிக்கும்போது, "அலாரம் அதிகமா அடிக்குதுன்னு அலாரத்தையே ஏத்தி வச்சுட்டானுங்க" என்று கோபம் வந்தது. நானே அலுவலகத்தில் அப்படிச் செய்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை மாலை. ஆனால் இங்கே நியாயம் இருந்தது. ஊரில் மற்றவர்கள் மான் இறைச்சி சாப்பிடுவது வருடத்துக்கு ஓரிரு தடவை. அவர்களுக்கு 6,000 பெரிய விஷயமில்லை. தினமும் சாப்பிடும் சாமிக் குடும்பங்களுக்குத் தனி ஆலோசனை கொடுத்தார்கள், உடம்பை அளந்தார்கள், மானுக்கு அறுப்பதற்கு முன் சுத்தமான தீவனம் கொடுத்தார்கள். ஒரு கலாசாரமே சாகாமல் இருக்க வரம்பை ஏற்றினார்கள். சரிதான். ஆனால் பாருங்கள், வரம்பை ஏற்றுவதா இறக்குவதா என்று உட்கார்ந்து பேச அவர்களுக்கு ஓர் அரசு இருந்தது, அளக்கக் கருவி இருந்தது. எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை.

ஐரோப்பாவில் விற்க முடியாத பால் எங்கே போகும்?

மேற்கு ஜெர்மனியின் பவேரியாவில் சுமார் 5,000 டன் கெட்டுப்போன மோர்ப் பவுடர் சேர்ந்தது. 1987 தொடக்கத்தில் அதை ரயில் பெட்டிகளில் ஏற்றி, வெளிநாட்டுக்கு அனுப்பக் கிளப்பியது அம்பலமாகி, பெரிய ரகளை ஆனது. கடைசியில் அரசே அதை வாங்கி, தனியாக ஓர் ஆலை போட்டுச் சுத்தம் செய்தது. இது பிடிபட்ட கதை. பிடிபடாதவற்றைப் பற்றி நான் எழுத முடியாது.

இந்தியாவுக்கு வந்தது வெண்ணெய். நம் ஊர் வெண்மைப் புரட்சிக்கு ஐரோப்பியச் சமூகம் உபரிப் பால் பவுடரும் வெண்ணெயும் நன்கொடையாகக் கொடுத்து வந்தது. அதைப் பாலாக்கி விற்ற காசில்தான் கூட்டுறவுகள் வளர்ந்தன. அந்த வரிசையில் அயர்லாந்து வெண்ணெய் 200 டன் செர்னோபிலுக்குப் பிறகு வந்து இறங்கியது. பம்பாயில் சிலர், இதில் கதிர்வீச்சு இருக்கிறது, மக்களுக்கு விற்காதே என்று நீதிமன்றம் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், சிவராவ் சாந்தாராம் வாக்ளே வழக்கு என்று 1988-இல் தீர்ப்பானது. நீதிமன்றம் நிபுணர் குழு ஒன்றைப் போட்டது. ஆபத்தில்லை, சாப்பிடலாம் என்று குழு சொன்னது. நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

குழு சொன்னது தப்பு என்று நான் நினைக்கவில்லை. வெண்ணெயில் சீசியம் அதிகம் தங்காது, அது கொழுப்பை விட்டுவிட்டு நீர்ப் பகுதியோடு போய்விடும். அதனால்தான் மேலே சொன்ன மோர்ப் பவுடர் அவ்வளவு மோசமானது. ஆனாலும் ஒன்று நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. சந்தேகம் வந்த நாளில் பம்பாய்க் குடிமகன் தன் கேள்விக்குப் பதில் வாங்க நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை ஏற வேண்டியிருந்தது. அதே கேள்விக்கு ஹெஸ்ஸேக்காரருக்குப் பால் பூத்திலேயே பதில் இருந்தது, அது அளவு மீறிய பயமாகவே இருந்தாலும்.

வங்கதேசக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்கள் பால் பவுடருக்கு வைத்திருந்த வரம்பு கிலோவுக்கு 95 பெக்கரெல், ஐரோப்பாவின் 370-ஐவிட நான்கில் ஒரு பங்கு. 1994-இல் 500 டன் பவுடர் அதைத் தாண்டி வந்தபோது, மொகியுதீன் ஃபரூக் என்ற வழக்கறிஞர் வழக்குப் போட்டார். 1996-இல் டாக்கா உயர் நீதிமன்றம், உயிர் வாழும் உரிமைக்குள் கேடில்லாத உணவும் அடங்கும் என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னது. சோறே முக்கியம், அளவு பார்ப்பது பணக்கார நாட்டு வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதையெல்லாம் எங்கள் பகுதித் தமிழ்க் கடை அண்ணையிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர். 1986-இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தவர். யூட்லாண்டில் மீன் ஆலையில் இருபது வருசம் வேலை செய்துவிட்டு இங்கே கடை போட்டவர்.

"தம்பி, நாங்கள் வந்த நேரம் உந்தச் செர்னோபில் ஒண்டும் எங்களுக்குத் தெரியாது. கேஸ் என்ன ஆகும், திருப்பி அனுப்புவாங்களோ எண்டதுதான் யோசனை. எண்பத்தேழிலை அம்மா ஊரிலையிருந்து கடிதம் போட்டவ. வெளிநாட்டுப் பால்மாவிலை அணுக் கிடக்காம், குடியாதை எண்டு. மேலாலை ஹெலியிலை சுடுறாங்கள், அவ எனக்குப் பால் குடியாதை எண்டு எழுதுறா."

சிரித்தார். அந்த 1987-இல்தான் இங்கே நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்பங்கள் வருவதைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்தார். 1993-இல் அந்த விவகாரம் பிரதமர் பௌல் ஷ்லூட்டரின் அரசையே கவிழ்த்தது. அண்ணையின் மனைவி வந்து சேர்ந்தது அந்த இழுபறிக்குப் பிறகு. சாமான் எல்லை தாண்டும் விதியும் மனுசர் எல்லை தாண்டும் விதியும் ஒரே மாதிரித்தான் தம்பி, ரெண்டிலையும் எங்கையிருந்து வாறாய் எண்டதுதான் முதல் கேள்வி என்றார்.

அவர் சொன்னதற்கு ஃபுகுஷிமா நல்ல உதாரணம். 2011 மார்ச் 11-இல் விபத்து. மார்ச் 25-இல் ஐரோப்பிய விதி வந்தது. முதலில் வைத்த வரம்பு, அவசர காலத்துக்கென்று 1987-இலேயே எழுதி அலமாரியில் வைத்திருந்த எண்கள்: பொதுவான உணவுக்கு 1,250. ஜப்பானோ தன் மக்களுக்கு 500 என்று வைத்திருந்தது. ஜப்பானியர் சாப்பிட மறுப்பதை ஐரோப்பியர் சாப்பிடலாமா என்று சத்தம் எழுந்ததும், ஏப்ரலிலேயே 500 ஆக இறக்கினார்கள். 2012-இல் ஜப்பான் 100 ஆக்கியது, ஐரோப்பாவும் பின்னால் போனது. ஆக, 2012-இல் இருந்து பல வருடங்கள், ஜப்பான் காளானில் 100 பெக்கரெல் தாண்டினால் கோபன்ஹேகனுக்குள் வரக் கூடாது, உக்ரைன் காளான் 600 வரைக்கும் வரலாம். சீசியம் ஒன்றுதான். பாஸ்போர்ட்தான் வேறு.

ஜப்பானுக்கு அந்தக் கட்டுப்பாட்டை ஐரோப்பா 2023 ஆகஸ்ட் 3-இல் முழுசாக நீக்கியது. மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் 24-இல், ஃபுகுஷிமா சுத்திகரித்த நீரைக் கடலில் விட ஆரம்பித்தது, அன்றே சீனா ஜப்பான் கடலுணவு முழுவதையும் தடை செய்தது. ஒரே மாதம், ஒரே கடல், நேர் எதிரான இரண்டு முடிவுகள். மீனை அளந்து பார்த்து வந்த முடிவு எது, அரசியலை அளந்து வந்தது எது என்று சொல்ல அணு விஞ்ஞானம் தேவையில்லை.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்களின் வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு தடவை வருகிறது. சில மசாலாப் பொருட்களில் "கதிர்வீச்சுக்கு உட்படுத்தியது" என்று டேனிஷில் எழுதியிருக்கும். அது கிருமி சாக, காமா கதிரை மேலே காட்டியது. வெயிலில் வற்றல் காயப் போட்டால் வற்றலுக்குள் சூரியன் புகுந்துவிடாது, அது மாதிரித்தான். மிளகாய்த் தூளுக்குள் கதிரியக்கம் தங்காது. நம் கடைச் சாமான்கள் எல்லையில் மாட்டுவது வேறு காரணங்களுக்காக. 2020-இல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு பிடிபட்டது, கறிவேப்பிலை பூச்சிமருந்துக்காகக் கூடுதல் சோதனைப் பட்டியலில் இருக்கிறது. அண்ணை கடையில் கறிவேப்பிலை சில வாரம் இருக்காது, இருக்கிற வாரம் தங்க விலை.

அதற்காகப் புலம்பாதவர் இல்லை. நானும் புலம்பியிருக்கிறேன். ஆனால் இப்போது தோன்றுவது, அந்தச் சோதனை நம் பிள்ளைகளுக்காகத்தான். நம் ஊரில் அதே கறிவேப்பிலையைச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தச் சோதனை முடிவு போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. இங்கே திருப்பி அனுப்பிய பெட்டி எந்தச் சந்தைக்குப் போகிறது?

இனி எங்கள் ஊர். அம்மா வரும்போது நெத்திலிக் கருவாடு இரண்டு கிலோ கொண்டுவந்தார். கூடங்குளம் உலைக்குப் பக்கத்துக் கடற்கரை மீன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால் பொருட்களைப் பயணிகள் கொண்டுவரக் கூடாது, ஆனால் மீன் 20 கிலோ வரை சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரலாம். கூடங்குளத்தில் சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் இருக்கிறது, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆட்கள் மீனையும் நீரையும் பயிரையும் அளக்கிறார்கள், அறிக்கைகளும் எழுதுகிறார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர் மீன் சந்தையில் ஏலம் விடுகிறவர் வாயில் இருந்தோ, பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையிலோ அந்த எண்ணை நான் ஒரு நாளும் கேட்டதில்லை, பார்த்ததில்லை. நேற்றைய எண் மக்களுக்குத் தெரியாத ஊரில், நாளைக்கு ஒரு வதந்தி வந்தால் போதும். உலையில் ஒன்றும் ஆகாமலே மீன் விலை போகாது. தூத்துக்குடி இறால் பெட்டியை ஐரோப்பா நிறுத்தும். மன்னார்க் கரை அங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர்தான், அங்கே பிடித்த மீனுக்கும் அதே சந்தேகம் ஒட்டும். 2012-இலேயே இலங்கை அமைச்சர் ஒருவர் கூடங்குளம் பற்றிக் கவலை தெரிவித்தது நினைவிருக்கலாம்.

நான் அணுமின்சாரத்துக்கு எதிரி இல்லை. ஊரில் பத்து மணி நேர மின்வெட்டில் பரீட்சைக்குப் படித்தவன். இங்கே இருந்துகொண்டு அங்கே உலையை மூடு என்று சொல்வது சுலபம், நான் சொல்ல மாட்டேன். கேட்பது ஒன்றே ஒன்று. ரீசோவில் 1950-களில் இருந்து பாலை அளந்து அச்சில் போட்ட மாதிரி, இடிந்தகரை நெத்திலியையும் கூத்தங்குழி சாளையையும் அளந்து, மாதா மாதம், தமிழில், மீன் ஏலக் கூடத்துச் சுவரில் ஒட்டினால் என்ன? அதற்கு ஆகும் செலவு ஒரு திறப்பு விழாப் பந்தல் செலவுகூட இருக்காது.

அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். வாரம் ஒரு தடவை வீடியோவில் பேசும்போது, "அந்தக் கறுப்புப் பழத்தப் புள்ளைக்கு இன்னும் குடுக்கியளா?" என்று கேட்பார். கொடுக்கிறோம் என்றால் முகம் சுளிப்பார். சான்றிதழ், 600, மைக்ரோசீவர்ட் எல்லாம் சொல்லியாயிற்று.

போன வாரம் கருவாடு தீர்ந்துவிட்டது என்று சொன்னேன்.

"மே மாசம் வரும்போது கொண்டாரேன். ஏர்போர்ட்ல எதுவும் கேக்க மாட்டானே?"

"இருவது கிலோ வரைக்கும் கேக்க மாட்டாங்கம்மா."

"அளந்து பாக்க மாட்டானா, அந்த பெக்கரெலு?"

"இல்லம்மா. அதுக்குப் பட்டியல்ல நம்ம ஊரு இல்ல."

"அப்ப சரி" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாத்தா நல்லதுதான எய்யா?" என்றார்.